குறைமாதக் குழந்தைகளுக்குத் தாய்ப்பால்: பம்ப் இரவல் திட்டத்துக்கு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

32 வாரம் ஆகுமுன் பிறக்கும் குழந்தைக்கு உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சுவிடுவது மூன்றையும் ஒருசேரச் செய்ய வராது. மூக்கு அல்லது வாய் வழியாக வயிற்றுக்குப் போகும் மெல்லிய குழாயில்தான் பால் இறங்கும். 1 கிலோ குழந்தைக்கு முதல் நாள்களில் நாள் முழுவதற்குமே ஏறக்குறைய 10 முதல் 20 மில்லிலிட்டர்தான்.

அந்தச் சொற்ப அளவும் எந்தப் பால் என்பது முக்கியம். பிரிட்டனில் 926 குறைமாதக் குழந்தைகளைக் கவனித்து 1990இல் வெளியான ஆய்வில், பால்மாவு மட்டுமே பெற்றவர்களுக்குக் குடல் திசு அழுகும் நோய், தாய்ப்பால் மட்டும் பெற்றவர்களைவிட 6 முதல் 10 மடங்கு அதிகமாக வந்தது.

சிங்கப்பூரில் கேகே மகளிர், சிறார் மருத்துவமனையில் 2017 முதல் தானப்பால் வங்கி இயங்குகிறது. அருமையான சேவை. ஆனால் தானப்பாலை 62.5 டிகிரி செல்சியசில் 30 நிமிடம் சூடாக்கியே தர முடியும். கிருமிகளோடு உயிரணுக்களும் கொழுப்பைச் செரிக்க உதவும் நொதியும் போய்விடும். நோய் எதிர்ப்புப் பொருள்களும் குறையும். ஆகவே பெற்றவள் பாலுக்கே முதலிடம்.

சிக்கல் இங்கேதான். தாய் ஓரிரு நாளில் வீடு திரும்பிவிடுவார். குழந்தை வாரக்கணக்கில் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும். பிள்ளை மார்பில் வாய்வைக்காதபோது, பிறந்த சில மணி நேரத்திலேயே தொடங்கி, நாளுக்கு 8 முதல் 12 முறை, இரவிலும் ஒருமுறையாவது பால் எடுத்தால்தான் சுரப்பு நிலைக்கும். முதல் இரண்டு வாரத்தைக் கோட்டைவிட்டால் பிறகு கூட்டுவது பெரும்பாடு. கடையில் வாங்கும் சிறிய பம்புகள் பெரும்பாலும் சுரப்பு நிலைத்த தாய்மாருக்கானவை. இரு மார்பிலும் ஒரே நேரத்தில் எடுக்கும் மருத்துவமனைத் தர இயந்திரம் வேண்டும்; அதன் விலை பல குடும்பங்களுக்கு எட்டாது.

அப்படிப்பட்ட 10 இயந்திரங்களை வாங்கி இலவசமாக இரவல் தர எண்ணியுள்ளோம். விலைப்பட்டியல்படி இயந்திரங்களுக்கு 28,000 வெள்ளி; தாய்க்கு ஒன்றாக 60 உபகரணப் பைகளுக்கு 5,400; இரண்டாண்டுப் பராமரிப்புக்கு 2,600. ஆக 36,000 வெள்ளி.

மோட்டார் மட்டுமே பொது. குழாய், வால்வு, மார்பில் வைக்கும் புனல் ஆகியவை அவரவருக்குத் தனி. புனல் மூன்று அளவுகளில் இருக்கும். சிறியதானால் காம்பு உரசிப் புண்ணாகும், பெரியதானால் காம்பைச் சுற்றியுள்ள தோலையும் இழுத்து வலிக்கும், பாலும் குறையும். “பால் வற்றிவிட்டது” என்று கலங்கும் தாயிடம் முதலில் பார்க்க வேண்டியது வால்வைத்தான். ஓரம் சற்றே கிழிந்தாலும் உறிஞ்சு விசை இறங்கிவிடும். அதனால் பைக்கு இரண்டு உபரி வால்வு. கூடவே 1 மில்லி ஊசிக்குழல்களும் உண்டு: சீம்பாலின் முதல் துளிகளைப் பம்பில் எடுத்தால் பாதி புனலிலேயே ஒட்டிக்கொள்ளும், கையால் பிழிந்து ஊசிக்குழலில் பிடிப்பதே வழி. பெயர், தேதி, நேரம் எழுதும் ஒட்டுத்தாள், குளிர்ப்பை, தமிழில் ஒரு குறிப்பேடு ஆகியவையும் சேரும்.

45 வெள்ளி அரைப் பைக்கு, 90 வெள்ளி முழுப் பைக்கு ஆகும். பேநவ் அல்லது காசோலை வழி தரலாம்; விவரம் செயலாளரிடம் கிடைக்கும். ரசீது உண்டு, வரிக்கழிவு பெறும் தகுதி எங்கள் குழுவுக்கு இல்லை என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்.

வீட்டில் இருக்கும் பழைய பம்பைத் தர விரும்புவோர் மன்னிக்கவும். ஒருவருக்கென்றே செய்த பம்புகளில் பால் குழாய்வழி மோட்டாருக்குள் கசிந்து பூஞ்சை பிடிக்கக்கூடும். வெளியே எவ்வளவு கழுவினாலும் அது போகாது.

இப்படிக்கு,
திட்டக் குழுவினர்