பெருங்காய டப்பாவில் வந்த கண்ணாடி

அன்புள்ள எல்லோருக்கும்,

நான் கட்டிக்கொண்டிருந்த ஈகிள் ஒன் ஹெலிகாப்டர் மாடல் முடிந்துவிட்டது. நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு வால் விசிறியை ஒட்டினேன். பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. ஆறப்போடாமல் இன்றே எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை எங்கள் வீட்டுப் பேஸ்மெண்டில் தண்ணீர் புகுந்ததும், மாடலின் முன்கண்ணாடி வீணாய்ப் போனதும் உங்களுக்குத் தெரியும். அதைத் திரும்ப எழுத மனசு வரவில்லை. மூன்று வாரம் நான் புலம்பியதையெல்லாம் பொறுமையாகக் கேட்டீர்கள். அதற்கே முதல் நன்றி.

இந்த ஒரு மாடலுக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். ஆர்லிங்டனிலிருந்து வாஷிங்டனுக்கு வேலைக்குப் போகும்போது தினமும் பதினான்காம் தெருப் பாலத்தைத் தாண்டுகிறேன். 1982 ஜனவரி 13 அன்று, கொட்டுகிற பனியில், ஏர் ஃப்ளோரிடா விமானம் அந்தப் பாலத்தில் மோதிப் பொடோமாக் ஆற்றில் விழுந்தது. பாலத்தில் இருந்த 4 பேரோடு சேர்த்து 78 பேர் இறந்தார்கள். பனிக்கட்டி மிதந்த தண்ணீரில் தத்தளித்தவர்களுக்கு மேலே வந்து நின்றது அமெரிக்கப் பூங்காக் காவல்துறையின் ஈகிள் ஒன். உள்ளே இரண்டே பேர். ஓட்டியவர் டொனால்ட் அஷர், கூட இருந்த மருத்துவ உதவியாளர் ஜீன் வின்ட்சர். ஆளைத் தூக்கும் வின்ச் அதில் கிடையாது, கயிறுதான். ஆர்லண்ட் வில்லியம்ஸ் என்ற பயணி தன்னிடம் வந்த கயிற்றை மற்றவர்களுக்கே கொடுத்தார். அவருக்காக ஹெலிகாப்டர் திரும்பி வந்தபோது அவர் இல்லை.

மீட்பு ஹெலிகாப்டர் என்றால் வின்ச் வேண்டாமா, வைத்தால் எடுப்பாக இருக்குமே என்று நிறையப் பேர் சொன்னீர்கள். நான் வைக்கவில்லை. மெழுகு தடவிய ஒரு நூல் மட்டும் தொங்குகிறது. ஹெலிகாப்டரின் கால்போல இருக்கும் ஸ்கிட் கம்பி தண்ணீரில் முங்கும் அளவுக்கு அஷர் தாழ இறக்கியதும், அந்த ஸ்கிட்டில் நின்றுகொண்டு வின்ட்சர் ஒரு பெண்ணின் உடையைப் பிடித்துத் தூக்கியதும் வின்ச் இல்லாததால்தான்.

சரி, கண்ணாடி விஷயத்துக்கு வருகிறேன். ஈகிள் ஒன் லாங்ரேஞ்சர் ரகம். அதன் கிட், அதாவது ஒட்டிக் கட்டும் பாகங்கள் அடங்கிய பெட்டி, எனக்குக் கிடைக்கவில்லை. அதைவிடக் குட்டையான ஜெட்ரேஞ்சரின் 1:72 கிட் (நிஜத்தில் 72-ல் ஒரு பங்கு) ஒன்றை நடுவில் வெட்டி நீட்டினேன். நிஜத்தில் 76 செ.மீ. நீளம் கூடுதல், நம் அளவில் பத்தரை மில்லிமீட்டர். மேல் விசிறியின் விட்டமும் 10.16 மீட்டரிலிருந்து 11.28 மீட்டர் ஆகிறது, அதனால் ஒவ்வொரு இறக்கைக்கும் எட்டு மில்லிமீட்டர் ஒட்டுப்போட்டேன். இதெல்லாம் கை வேலை. உடைந்தாலும் புட்டி போட்டுத் தேய்த்து மறுபடி செய்துவிடலாம். முன்கண்ணாடி போனால் போனதுதான். அந்த கிட் இப்போது எனக்குக் கடையில் கிடைக்கவில்லை.

அப்போதுதான் திருச்சியிலிருந்து ஒரு பெரியவர் அனுப்பிய பார்சல் வந்தது. நான் யாரிடமும் கேட்கவில்லை. பிரித்ததும் பெருங்காய வாசனை. மஞ்சள் டப்பா ஒன்று, உள்ளே பஞ்சு, பஞ்சுக்கு நடுவில், பாகங்கள் ஒட்டியபடி வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து வெட்டாமல் முழுசாக அத்தனை கண்ணாடிப் பாகமும். கீறல் ஒன்றுகூட இல்லை. கூடவே ஒரு துண்டுக் காகிதம்: “தம்பி, சூப்பர் க்ளூ பக்கமே போகாதே. ஆவி பட்டுக் கண்ணாடி வெளுத்துவிடும். வெள்ளைப் பசை போதும்.”

போனில் பேசினபோதுதான் தெரிந்தது, உறை பிரிக்காமல் தன் மகன் பிறந்த வருஷத்திலிருந்து வைத்திருந்த ஜெட்ரேஞ்சர் பெட்டியை அவர் எனக்காகப் பிரித்திருக்கிறார். இந்தப் பொழுதுபோக்கில் இருக்கிறவர்களுக்கு அது என்னவென்று தெரியும். கண்ணாடியை எடுத்துவிட்டால் மீதி கிட்டை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. “எனக்கு இப்போது பார்வை முன்னே மாதிரி இல்லை. நீ கட்டு, போட்டோ அனுப்பு” என்றார். பெயர் போட வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். எனக்குப் பேச வரவில்லை. “சரிங்க ஐயா” என்று மட்டும் சொன்னேன்.

என் அலமாரியில் பிரிக்காத பெட்டிகள் பதினேழு இருக்கின்றன. அதில் எந்தப் பாகம் யாருக்குத் தேவைப்பட்டாலும் கேளுங்கள். பிரித்துத் தருகிறேன்.

பழைய பத்திரிகைப் படங்களைத் தேடித் தந்தவர்கள், டீக்கால் (மாடல்மேல் ஒட்டும் எழுத்துப் படம்) அச்சடித்துக் கொடுத்த நண்பர், பெட்டிகளை மாடிக்குத் தூக்கிய பக்கத்து வீட்டுப் பையன்கள், ஈரக் காகிதங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காயவைத்த என் மனைவி, உங்கள் எல்லோருக்கும் நன்றி.

ஐயா, கடைசியாக உங்களுக்கு ஒரு சேதி. அந்தக் கண்ணாடியை ஒட்டுவதற்கு முன்னால் உள்பக்கம் லேசாக வாசலின் தடவி, பிளாஸ்டர் ஊற்றி அச்சு எடுத்து வைத்தேன். தெளிவான பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி அதன்மேல் அழுத்திப் பார்த்தேன். ஆறு தடவை கோணலாக வந்தது. ஏழாவது சுருக்கமில்லாமல் வந்துவிட்டது. உங்கள் ஜெட்ரேஞ்சர் பெட்டியைப் பத்திரமாக வையுங்கள். அந்த ஏழாவது கண்ணாடியை அதே பெருங்காய டப்பாவில், அதே பஞ்சில் வைத்து இன்று காலை தபாலில் சேர்த்துவிட்டேன்.