காவன்சைட் வாங்கப் போகும் உனக்கு

புணே

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். சின்னவளுக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை நெருங்குகிறது, வீட்டில் டிவி சத்தமே இல்லை.

இனி உன் கல் விஷயம். இங்கே புணே பக்கத்து வாகோலியில் கிடைத்த காவன்சைட் என்ற நீலக் கனிமம் ஒன்றுக்கு விலை சொல்லி, "இனிமேல் கிடைக்காது, உடனே எடுத்துக்கொள்ளுங்கள்" என்று அவசரப்படுத்துகிறார்கள், வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். அவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது.

வாகோலியில் யாரும் இந்த நீலக் கல்லைத் தேடித் தோண்டவில்லை. அவை ஜல்லிக் குவாரிகள். பசால்ட் என்ற எரிமலைப் பாறைக்கு வெடி வைக்கும்போது உள்ளே படிகங்கள் உள்ள பொந்து திறந்து, அதை ஆட்கள் பார்த்து எடுத்தால், சேகரிக்கும் நமக்கு ஒரு ஸ்பெசிமன். பார்க்காமல் விட்டால் கிரஷருக்குள் போய் ரோட்டுக்கு ஜல்லி. வரத்து நம் ஆசையைப் பொறுத்ததல்ல, ஊரின் கட்டட வேலையைப் பொறுத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மும்பைக்கும் புணேவுக்கும் நடுவே போர்காட் மலையைக் குடைந்து ரயில் பாதை போட்டபோதும் இப்படித்தான் பாறைப் பொந்துகளில் வளரும் ஜியோலைட் வகைக் கனிமங்கள் வெளிவந்து, கடல் கடந்து மியூசியங்களுக்குப் போயின. பாதை முடிந்ததும் அந்த வரத்தும் நின்றது.

காவன்சைட்டை முதலில் கண்டது அமெரிக்காவின் ஆரிகனில். 1973இல்தான் அதைப் புதுக் கனிமமாக அறிவித்தார்கள். 1980களின் கடைசியில் வாகோலி தந்த அழகை வேறெந்த இடமும் இன்றுவரை தரவில்லை. அந்த வாகோலி இப்போது புணே மாநகராட்சிக்குள் வந்துவிட்டது, பக்கத்திலேயே அடுக்குமாடிகள் எழும்புகின்றன. அதனால் புதுச் சரக்கு குறைவுதான். ஆனால் இத்தனை வருஷமாக வெளியே வந்தவை பலருடைய அலமாரிகளில் இருக்கின்றன, கைமாறிக்கொண்டும் இருக்கின்றன. சாதாரணத் துண்டு ஒன்றுக்கு நீ அவசரப்பட வேண்டியதே இல்லை. ஸ்டில்பைட் என்ற வெள்ளைக் கனிமத்தின் மேல் காவன்சைட்டின் நீல உருண்டை முழுசாக, ஒரு கீறலும் இல்லாமல் உட்கார்ந்திருந்தால் மட்டும் யோசிக்காதே. ராகுரி பக்கம் மோமின் அகாடாவில் 2000களின் தொடக்கத்தில் வந்த அபோபிலைட் என்ற கனிமத்தின் பச்சை வகைக்கும் இதே கதைதான். ஜல்கான் பக்கத்து வெள்ளை அபோபிலைட்டும் ஸ்டில்பைட்டும் அப்படியில்லை, அடுத்த வருஷமும் வரும்.

தரம் பார்ப்பதற்கு முதலில் லூப் என்ற சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடியை எடு, பத்து மடங்கு போதும். நிறத்தைக் கடைசியில் பார். கண் நிறத்தில் மயங்கிவிட்டால் உடைசல் தெரியாது. நீல உருண்டை என்பது நுண்ணிய ஊசிகள் நடுவிலிருந்து விரிந்து வளர்ந்த கொத்து. ஒரு பக்கம் தட்டையாக நசுங்கியிருந்தால், ஊசி நுனிகள் வெளுத்துத் தெரிந்தால், அது அடிபட்டது. பிறகு உருண்டை ஸ்டில்பைட்டைத் தொடும் இடத்தைப் பார். இயற்கையாக வளர்ந்ததென்றால் இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். சுற்றிலும் மினுமினுப்பாக ஒரு வளையமோ, கல்தூள் தூவிய மாதிரியோ இருந்தால் உதிர்ந்த உருண்டையைப் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். இருட்டில் யூவி (புற ஊதா) விளக்கு அடித்துப் பார், பல பசைகள் வெளிர் நீலமாக ஒளிரும். உடைந்ததை ஒட்டியதே பெரிய குற்றமில்லை. சொல்லாமல் முழு விலைக்கு விற்பதைத்தான் என்னால் பொறுக்க முடியாது.

அபோபிலைட் வாங்கினால் நுனியைப் பார். அது குறுக்கே ஒரே தளத்தில் சுலபமாகப் பிளக்கும். முத்துப் போன்ற பளபளப்போடு தட்டையாக முடிந்திருந்தால் நுனி போய்விட்டதா, இயல்பாகவே அப்படி வளர்ந்ததா என்று பக்கத்துப் படிகங்களோடு ஒப்பிட்டுப் பார்த்துக் கேள். முகங்கள் மங்கலாக, அரித்த மாதிரி இருந்தால் மேலே படிந்திருந்த கால்சைட் என்ற கனிமத்தை நீக்க ஆசிட் போட்டிருக்கலாம். வாங்கியதை வெந்நீரில் கழுவாதே, சூடு பட்டால் ஏடு ஏடாகப் பிரியும். ஓகனைட் என்று பஞ்சுருண்டை மாதிரி ஒரு கனிமம் உண்டு, அதன் பக்கம் கைவிரலே போகக் கூடாது, அந்தப் பஞ்சு இழைகள் படிந்தால் எழும்பாது. இயற்கையில் அது வெள்ளை. ரோஸும் ஊதாவுமாக யாராவது காட்டினால் சாயம்.

இன்னொன்று, எல்லாவற்றையும்விட நான் பெரிதாக நினைப்பது: எந்தக் குவாரி, எந்த வருஷம் என்ற சீட்டு. "இந்தியா" என்று மட்டும் எழுதிய கல் பாதி அநாதை. வாங்கும்போதே கேட்டு எழுதி, கல்லோடு சேர்த்து வை.

கைமுட்டி அளவு பெரியதைத் தேடாதே. அதே காசுக்குக் கட்டைவிரல் அளவில் குறையில்லாத ஒன்று கிடைக்கும். கண்ணைப் பழக்க வேண்டுமானால் நாசிக் அருகே சின்னரில் உள்ள கார்கோட்டி மியூசியத்துக்கு வா, நானும் கூட வருகிறேன். ஒரு நாள் முழுக்கப் பார்க்கலாம்.

அதுவரை அந்தக் கல்லை நாலு பக்கத்திலிருந்தும், உருண்டை அடிக்கல்லைத் தொடும் இடத்தை மிக நெருக்கத்திலும் படம் எடுத்து அனுப்பச் சொல். மறுத்தால் விட்டுவிடு. அனுப்பினால் எனக்கும் தள்ளிவிடு, பார்த்துவிட்டு அன்றே பதில் போடுகிறேன். அம்மாவிடம் நான் விசாரித்ததாகச் சொல். சொட்டு மருந்தை விடாமல் போடச் சொல்.

அன்புடன்,
உன் பழைய ஹாஸ்டல் தோழன்