உலகக் குழந்தைகள் தின விழா: நன்கொடை வேண்டுகோள்

பினாங்கு வாழ் தமிழ்ப் பெருமக்களுக்கு வணக்கம்.

வரும் நவம்பர் 20ஆம் நாள் நாம் நடத்தவிருக்கும் உலகக் குழந்தைகள் தின விழாவுக்கு இன்னும் 7,350 ரிங்கிட் தேவைப்படுகிறது. மண்டபத்தின் மீதித் தொகையையும் அச்சகத்தின் முன்பணத்தையும் அக்டோபர் 31க்குள் கட்டியாக வேண்டும்.

1816இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கியதிலிருந்தே இந்நாட்டுத் தமிழ்க் கல்வியின் வரலாற்றை எண்ணுகிறோம். நம் தீவுக்குக் கிடைத்த அந்தப் பேற்றைப் பெரியவர்கள் இன்றும் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார்கள். அத்தகைய மண்ணில், பிறப்புப் பத்திரம் இல்லாத ஒரே காரணத்தால் பள்ளியில் இடம் கேட்டு அலையும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஐ.நா. பொதுச் சபை 1989 நவம்பர் 20 அன்று ஏற்றுக்கொண்ட குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 7ஆம் பிரிவு, பிறந்தவுடன் பதிவும் பெயரும் பெறுவதையும் ஒரு நாட்டின் குடியுரிமையை அடைவதையும் குழந்தையின் உரிமை என்கிறது. 1995இல் அதில் இணைந்த மலேசியா, அப்பிரிவு தன் சட்டங்களுக்கு ஒத்துப்போனால் மட்டுமே பொருந்தும் என்று பதிவு செய்துகொண்டே இணைந்தது. ஆகவேதான் பெற்றோர் கையில் பிறப்புப் பதிவு பற்றித் தமிழில் ஒரு விளக்கக் கையேடு இருக்க வேண்டும் என்கிறோம்.

மொத்தச் செலவு 18,600 ரிங்கிட். மண்டபம் 2,400, மூன்று பேருந்துகள் 2,700, 400 பிள்ளைகளுக்கு உணவு 6,000, அன்பளிப்பு 2,000, பிள்ளைகளே எழுதி நடிக்கும் நாடகத்துக்கு மேடையும் ஒலிபெருக்கியும் 2,000, கையேடு ஆயிரம் படிகள் 3,500. கையேட்டை விட்டுவிட்டுச் சாப்பாட்டை மட்டும் சிறப்பாகப் போடலாம் என்று சிலர் சொன்னார்கள். குழு அதற்கு இணங்கவில்லை.

சென்ற ஆண்டு மழையில் பந்தல் ஒழுகியபோது தம் கடைப் படுதாவையே அவிழ்த்துத் தந்த காய்கறிக் கடைக்காரருக்கும், விடியற்காலை மூன்று மணிக்கே அடுப்பு மூட்டிய தாய்மார்களுக்கும், பெயர் போட வேண்டாம் என்று கூறி 500 ரிங்கிட் உறையை வைத்துச் சென்ற ஓய்வுபெற்ற ஆசிரியைக்கும், மாதம் பத்து ரிங்கிட்டாகச் சேர்த்துத் தந்த தொழிற்சாலைத் தோழர்களுக்கும் நாங்கள் என்றும் கடன்பட்டிருக்கிறோம். தண்ணீர்மலை முருகன் இவர்களின் குடும்பங்களைக் காக்கட்டும்.

தைப்பூசத் தண்ணீர்ப்பந்தல்களுக்கு அள்ளிக் கொடுக்கும் ஊர் நம் ஊர். பந்தலில் பெயர்ப்பலகை வைக்க முந்துகிறவர்களில் சிலர், பிள்ளைகளுக்கென்று கேட்டால் அடுத்த மாதம் பார்ப்போம் என்கிறார்கள். இதை எழுதுவதற்கு எங்களுக்கே கூச்சமாகத்தான் இருக்கிறது.

ஞாயிறுதோறும் காலையில் பொருளாளரிடம் பணத்தைச் செலுத்தி ரசீது பெற்றுக்கொள்ளலாம். ஐந்து ரிங்கிட்டானாலும் ரசீது உண்டு. வரவு செலவுக் கணக்கு டிசம்பர் முதல் வாரத்தில் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும்.

இவண்,
விழாக் குழுவினர்