மொராக்கோ செல்வோர் மதிலுக்கு உள்ளே தங்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மொராக்கோ நாட்டின் பழைய நகரங்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த பயணக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். படங்கள் மிக அழகாக இருந்தன. ஆனால், காசாபிளாங்காவில் இறங்கி, ரபாத், மெக்னஸ், ஃபெஸ், மராகேஷ் ஆகிய நகரங்களை ஐந்தே நாள்களில் பார்த்து முடித்துவிடலாம் என்றும், ஃபெஸ் நகரின் பழைய பகுதிக்கு அரை நாள் போதும் என்றும் அதில் எழுதப்பட்டிருந்ததை என் மனம் ஒப்பவில்லை. முப்பது ஆண்டுகள் புதுச்சேரிப் பள்ளிகளில் பிரெஞ்சு மொழி கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். கடந்த ஆண்டு அக்டோபரில் கணவருடனும் நாத்தனாருடனும் அந்நாட்டுக்குச் சென்று பதினாறு நாள்கள் தங்கிவிட்டு வந்தேன். அந்தக் கட்டுரையை நம்பி நம் ஊரிலிருந்து புறப்படுவோர் ஏமாற்றம் அடையக் கூடாது என்பதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் முதன்மையாகச் சொல்ல விரும்புவது ஒன்றுதான். பழைய நகரத்தைப் பார்க்கப் போகிறவர்கள் பழைய நகரத்தின் மதிலுக்கு உள்ளேயே, குறைந்தது மூன்று இரவுகளாவது தங்க வேண்டும். பயண முகவர்கள் பெரும்பாலும் அப்படித் தங்க வைப்பதில்லை. பேருந்து வாசல் வரை வர வேண்டும், லிஃப்ட் இருக்க வேண்டும் என்ற வசதிக்காக அவர்கள் புது நகரத்து விடுதிகளில் அறை எடுக்கிறார்கள். இந்தப் புது நகரங்கள் ஏன் தனியாக இருக்கின்றன என்பது புதுச்சேரிக்காரர்களுக்கு எளிதில் விளங்கக்கூடிய செய்தி. 1912 முதல் 1956 வரை மொராக்கோவின் பெரும்பகுதி பிரெஞ்சுப் பாதுகாப்பாட்சியில் இருந்தது. அதன் முதல் ரெசிடென்ட் ஜெனரலாக, அதாவது பிரெஞ்சு அரசின் தலைமைப் பிரதிநிதியாக இருந்த லியோத்தே, பழைய நகரங்களை இடிக்காமல் அப்படியே விட்டுவிட்டு, அவற்றுக்கு வெளியே அகன்ற சாலைகளோடு ஐரோப்பியர்களுக்கெனப் புதிய நகரங்களை எழுப்பச் செய்தார். நம் ஊரில் பிரெஞ்சுக்காரர் பகுதியையும் தமிழர் பகுதியையும் பிரித்த பெரிய வாய்க்கால் செய்த வேலையை அங்கே மதிலும் வெற்று நிலமும் செய்தன. வார இறுதியில் புதுச்சேரிக்கு வந்து, கடற்கரைச் சாலையிலும் ஒயிட் டவுனிலும் நடந்துவிட்டு, வாய்க்காலுக்கு மேற்கே கால் வைக்காமலேயே ஊரைப் பார்த்துவிட்டதாகச் சொல்லித் திரும்புகிறவர்களை நாம் பார்க்கிறோம் அல்லவா? புது நகரத்து விடுதியில் உறங்கி, காலையில் இரண்டு மணி நேரம் வழிகாட்டியின் குடைக்குப் பின்னால் நடந்துவிட்டுத் திரும்புகிறவரும் ஃபெஸ் நகரை அந்த அளவுக்கே பார்த்திருப்பார்.

அந்நாட்டில் பழைய நகரத்தை மதினா என்கிறார்கள். அரபியில் அச்சொல்லுக்கு நகரம் என்பதே பொருள். 1981-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்ட ஃபெஸ் மதினாவுக்குள் மோட்டார் வாகனங்கள் செல்ல இடமில்லை. கேஸ் சிலிண்டர், சிமென்ட் மூட்டை, பதனிட வேண்டிய தோல் என எல்லாமே கோவேறு கழுதைகளின் முதுகிலும் தள்ளுவண்டிகளிலும்தான் போகின்றன. "பாலாக்! பாலாக்!" என்ற குரல் பின்னாலிருந்து கேட்டால், திரும்பிப் பார்த்துக்கொண்டு நிற்காமல் உடனே சுவரோரம் ஒதுங்கிவிட வேண்டும். நாங்கள் தங்கியிருந்த வீட்டின் எதிரே அந்தத் தெருவுக்கான பொது அடுப்பு இருந்தது. விடிந்து சற்று நேரத்துக்குள், பிசைந்து தட்டிய ரொட்டி மாவைப் பலகையில் அடுக்கி, துணி போர்த்தி, தலையிலோ இடுப்பிலோ வைத்துக்கொண்டு அண்டை வீட்டுப் பிள்ளைகள் வரத் தொடங்குவார்கள். எந்தப் பலகை எந்த வீட்டுடையது என்பது அடுப்புக்காரருக்குக் கேட்காமலே தெரிந்திருந்தது. மூன்றாம் நாள் காலையில், சுட்ட ரொட்டியில் ஒன்றைப் பிட்டு என் நாத்தனாரின் கையில் அவராகவே வைத்தார். பத்து மணிக்கு மேல் வந்து சேர்ந்த பயணக் குழுக்கள் அந்த வாசலைக் கடந்து போனபோது, அது மூடிக் கிடந்த ஒரு கதவாக மட்டுமே அவர்கள் கண்ணில் பட்டிருக்கும்.

வழி தவறிவிடுமோ என்ற அச்சத்தினாலேயே பலர் உள்ளே தங்கத் தயங்குகிறார்கள். கைப்பேசியின் வரைபடம் அந்த ஒடுங்கிய சந்துகளில் பல நேரம் உதவுவதில்லை என்பது உண்மைதான். ஆனால் ஊரின் சரிவைப் புரிந்துகொண்டால் அச்சமில்லை. மேற்கே பாப் புஜ்லுத் என்ற நீல வாயிலிலிருந்து தலா கபீரா, தலா ஸ்கீரா என இரண்டு பெரிய வீதிகள் கீழ்நோக்கி இறங்கி, நடுவிலுள்ள கராவியின் பள்ளிவாசலின் பக்கம் போய்ச் சேருகின்றன. அந்த வீதிகளில் இறங்கிக்கொண்டே போனால் ஊரின் நடுப்பகுதி. ஏறிக்கொண்டே வந்தால் நீல வாயில். இந்த ஒன்றை நினைவில் வைத்துக்கொண்டு நாங்கள் மூவரும் வழிகாட்டி இன்றி நடந்தோம். எனினும், முழங்கால் வலி உள்ளவர்கள் நன்றாக யோசித்துப் புறப்பட வேண்டும். மேடு பள்ளமும் படிகளும் நிறைந்த ஊர் அது. பழைய வீடுகளின் மாடிப்படிகளும் மிகச் செங்குத்தானவை. தரைத்தளத்தில் அறை வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டதால்தான் என் நாத்தனாரால் அங்கே தங்க முடிந்தது. பெட்டிகளும் சிறியவையாக இருக்கட்டும்.

கராவியினைப் பற்றிக் கட்டுரை ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டது. 859-இல், இன்றைய துனிசியாவிலுள்ள கைரவான் நகரிலிருந்து ஃபெஸுக்குக் குடிபெயர்ந்த குடும்பத்தைச் சேர்ந்த ஃபாத்திமா அல்-ஃபிஹ்ரி என்ற பெண்மணி தமக்கு வந்த குடும்பச் சொத்தைக் கொண்டு கட்டியதாக மரபு கூறும் பள்ளிவாசல் அது. அதைச் சுற்றி வளர்ந்த கல்விக்கூடம் இன்று வரை தொடர்கிறது. ஒரு பெண் தன் பங்குச் சொத்தை இப்படி ஒரு காரியத்துக்குத் தந்தாள் என்ற செய்தியை அந்த வாசலில் நின்றபடி என் கணவருக்குச் சொன்னபோது எனக்குக் கண் கலங்கியது. மொராக்கோவில் முஸ்லிம் அல்லாதவர்கள் பள்ளிவாசல்களுக்குள் பொதுவாக அனுமதிக்கப்படுவதில்லை என்பதைக் கட்டுரை குறிப்பிடவே இல்லை. வாசலில் நின்று முற்றத்தை அமைதியாகப் பார்ப்பதை யாரும் தடுக்கவில்லை. உள்ளே நுழைய முயல்வதும், தொழுகைக்குச் செல்வோரை மறித்துக்கொண்டு படமெடுப்பதும் தகாது. உட்புறத்தைப் பார்க்க விரும்புவோருக்குக் காசாபிளாங்காவில், 1993-இல் கட்டி முடிக்கப்பட்ட இரண்டாம் ஹசன் பள்ளிவாசலில் வழிகாட்டியுடன் செல்லும் ஏற்பாடு உள்ளது. ஃபெஸில் 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பூ இனானியா, அத்தாரீன் ஆகிய மதரஸாக்களை எல்லோரும் பார்க்கலாம். வண்ண ஓட்டுத் துண்டுகள், அதன் மேலே செதுக்கிய சுண்ணச் சுதை, அதற்கும் மேலே தேவதாரு மரம் எனச் சுவர் அடுக்கடுக்காக உயர்வதை அங்கே நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

தோல் பதனிடும் சுவாரா தொட்டிகளைப் பார்க்கப் போனபோது எங்களுக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். ஓர் இளைஞர் எங்களை நிறுத்தி, முன்னால் உள்ள பாதை அடைக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லி, வேறு சந்துகள் வழியாக ஒரு கடைக்கு அழைத்துச் சென்றார். மூக்கருகே வைத்துக்கொள்ளப் புதினாக் கொத்தும் கொடுத்தார்கள். மாடியிலிருந்து தொட்டிகளைப் பார்த்துவிட்டு இறங்கியபோது, தோல் பை வாங்காமல் வெளியேற எங்களுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆயிற்று. அந்த இளைஞரும் கூலி கேட்டுக் குரலை உயர்த்தினார். பாதை அடைக்கப்படவே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. ஆகவே, அறிமுகமற்றவர் வழி அடைபட்டிருக்கிறது என்று சொன்னால், "லா, ஷுக்ரன்" (வேண்டாம், நன்றி) என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு நடையைத் தொடருங்கள். வழிகாட்டி தேவையானால் அரசு உரிமம் பெற்றவரைத் தங்குமிடத்தின் மூலம் ஏற்பாடு செய்து, எத்தனை மணி நேரம், எவ்வளவு கூலி, கடைகளுக்குப் போக வேண்டுமா வேண்டாமா என்பதை முதலிலேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு நிகழ்ச்சியை வைத்து ஊராரை எடைபோட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். அன்று மாலையே, என் கணவர் மறந்து வைத்துவிட்டு வந்த மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஒரு தேநீர்க் கடைக்காரர் சந்து சந்தாக எங்களைத் தேடி வந்தார்.

மொழியைப் பொறுத்தவரை புதுச்சேரியில் பிறந்தவர்களுக்கு அங்கே பெரிய வாய்ப்பு இருக்கிறது. மக்கள் வீட்டில் பேசுவது தாரிஜா என்ற மொராக்கோ அரபியும் பெர்பர் மக்களின் தமாஸிக்த் மொழியும். ஆயினும் ரயில் நிலையம், மருந்துக்கடை, உணவகம் என எங்கும் பிரெஞ்சு செல்லுபடியாகிறது. பள்ளியில் படித்த பிரெஞ்சைத் தேர்வோடு மறந்துவிட்ட என் பழைய மாணவர்கள்கூட அங்கே ஒரு வாரத்தில் பேசத் தொடங்கிவிடுவார்கள் என்று உறுதியாகச் சொல்வேன். ஆனால் பேச்சை "சலாம் அலைக்கும்" என்று தொடங்குங்கள். பிரெஞ்சு அதற்குப் பிறகு வரட்டும். விலை கேட்க "ப்ஷால்" என்ற ஒரு சொல் போதும். வசூல், பாக்கி, மராமத்து என நாம் அன்றாடம் புழங்கும் சொற்களின் வேர் அரபியில் இருப்பதை அங்கே அடிக்கடி நினைத்துக்கொண்டேன். மராமத்து என்ற சொல் குறிப்பாக மனத்தில் நின்றது. ஃபெஸின் பல சந்துகளில், சாய்ந்துவிட்ட எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே மரச் சட்டங்களை முட்டுக்கொடுத்து நிறுத்தியிருக்கிறார்கள். தலைக்கு மேல் அந்தச் சட்டங்கள் இருக்க, கீழே பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள். 2014 நவம்பரில் நம் ஊரின் பழைய நகராட்சிக் கட்டடமான மேரி சரிந்து விழுந்ததைப் பார்த்த யாரும் அந்தச் சட்டங்களைச் சும்மா கடந்து போக மாட்டார்கள்.

இனி, சில நடைமுறைச் செய்திகள். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்போர் விசா பெற்றே செல்ல வேண்டும். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள நம் ஊர்க்காரர்கள் 90 நாள்கள் வரை விசா இன்றித் தங்கலாம். திர்ஹம் பணத்தை அங்கே இறங்கிய பிறகு மாற்றிக்கொள்வதே முறை. நகருக்குள் ஓடும் சிறிய டாக்சிகளில் மூவருக்கு மேல் ஏற்ற மாட்டார்கள் என்பதால், நால்வர் கொண்ட குடும்பம் இரண்டு வண்டி பிடிக்க வேண்டியிருக்கும். சைவ உணவு உண்போர் கவனமாக இருக்க வேண்டும்: காய்கறிக் குஸ்குஸ் (கோதுமை ரவை உணவு) என்று சொன்னாலும் அதை இறைச்சிச் சாற்றில் வேக வைத்திருக்கக் கூடும், ஹரீரா சூப்பும் அவ்வாறே. கேட்டு உறுதி செய்துகொண்டு, பிசாரா என்ற பருப்புக் கஞ்சியையும் சாலூக் என்ற கத்தரிக்காய் மசியலையும் சாப்பிட்டால் வயிறு நிறையும். வெள்ளிக்கிழமை நண்பகலுக்குப் பின் மதினாவில் பல கடைகள் மூடியிருக்கும். ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் ஃபெஸிலும் மராகேஷிலும் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவதுண்டு. மார்ச் முதல் மே வரையிலும், செப்டம்பர் இறுதி முதல் நவம்பர் வரையிலும் செல்வதே நல்லது. டிரோன் கருவியை எடுத்துச் செல்லாதீர்கள். சுங்கத்திலேயே பறிமுதல் செய்துவிடுவார்கள்.

மராகேஷ் பற்றிக் கட்டுரை விரிவாகவே எழுதியிருந்தது. ஆனால் 2023 செப்டம்பர் 8 அன்று அந்நகருக்குத் தெற்கே அட்லஸ் மலைப்பகுதியில் ஏற்பட்ட நிலநடுக்கம் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ஏறத்தாழ மூவாயிரம் பேர் உயிரிழந்த பேரிடர் அது. மதினாவின் மதிலும் சில பழைய கட்டடங்களும் சேதமடைந்தன. அங்கே ஒருவரிடம் பேச உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் அந்த இரவைப் பற்றிய பேச்சு வந்துவிடும். பொறுமையாகக் கேளுங்கள். சுனாமியையும் தானே புயலையும் பார்த்த ஊரிலிருந்து வந்திருக்கிறோம் என்று நான் சொன்னபோது, எங்களுக்குக் கம்பளம் காட்டிக்கொண்டிருந்த பெரியவர் அதைச் சுருட்டி வைத்துவிட்டுத் தேநீர் வரவழைத்தார். அதன் பிறகு வியாபாரம் பற்றிய பேச்சே எழவில்லை.

புகைப்படம் பற்றி நான் சற்று அழுத்தமாகவே எழுத வேண்டியிருக்கிறது. வைசியாள் வீதியை ஒட்டிய பகுதியில், திண்ணையும் தாழ்வாரமும் உள்ள பழைய வீட்டில் நாங்கள் குடியிருக்கிறோம். வெள்ளி மாலை தொடங்கினால் ஞாயிறு இரவு வரை எங்கள் திண்ணையில் யாராவது படத்துக்காக அமர்ந்திருப்பார்கள். சென்ற பொங்கலன்று காலையில் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த என்னைச் சற்றுத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, கதவைப் படமெடுத்துக்கொண்டு போனார் ஒருவர். என் வீட்டு வாசலில் என்னையே இடைஞ்சலாக நினைத்தது இன்னும் என் மனத்தை அறுக்கிறது. ஃபெஸில் வீடுகள் தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சன்னல் இல்லாத சுவர்களோடு நிற்பதற்குக் காரணம் உண்டு: அவற்றின் அழகெல்லாம் உள்முற்றத்தில், குடும்பத்தாருக்காக இருக்கிறது. கதவு திறந்திருப்பதைக் கண்டு எட்டிப் பார்க்காதீர்கள். பெண்களையும், கடையில் வேலை செய்வோரையும், பிள்ளைகளையும் கேட்காமல் படமெடுக்காதீர்கள். வேண்டாம் என்று கையசைத்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

தங்கள் நாளிதழைக் கடலூரிலும் புதுச்சேரியிலும் பயணம் போக நினைக்கும் ஓய்வூதியர்கள் பலர் படிக்கிறார்கள். எனவே, இனிப் பயணக் கட்டுரைகள் வெளியிடும்போது, எந்த இடத்தில் எத்தனை தூரம் நடக்க வேண்டும், படிகள் உண்டா, எவ்விடங்களில் நுழைய அனுமதி இல்லை, தங்குமிடம் பழைய நகரத்துக்கு உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்ற விவரங்களையும் கட்டுரையாளர்களிடம் கேட்டுப் பெற்றுச் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஃபெஸ் நகருக்கு அரை நாள் போதும் என்ற வரிக்கு ஒரு திருத்தமும் வெளியிட்டால் நன்றியுடையவளாவேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பிரெஞ்சு ஆசிரியை,
புதுச்சேரி – 1