ஜே ரூடர்மன் அவர்களுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள ஜே ரூடர்மன் அவர்களுக்கு,

மாற்றுத்திறனாளிகளுக்காகக் குரல் கொடுத்த உங்கள் ரூடர்மன் குடும்ப அறக்கட்டளையின் அந்த அறிக்கை வந்து பத்து வருடம் ஆகிவிட்டது. 2016 ஜூலை. அதில் என்ன இருந்தது என்று உங்களிடமே நான் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்க டிவியில் வரும் மாற்றுத்திறனாளி பாத்திரங்களில் 95 சதவீதத்துக்கு மேல் உடற்குறை ஏதும் இல்லாதவர்களே நடிக்கிறார்கள் என்ற ஒரு வரி போதும். என் தம்பிக்குக் காது கேட்காது. அவன் அந்த வரியைப் போனில் எடுத்து என் முன்னால் நீட்டியபோதுதான் உங்கள் பெயரே எனக்குத் தெரியும்.

அவனைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. இதை அவனும் அவன் நண்பர்களும் படிப்பார்கள். அவன் கதையைச் சொல்ல அவனுக்கே தெரியும்.

2022 ஆஸ்கரை மட்டும் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு அது திங்கட்கிழமை காலை. சிறந்த துணை நடிகர் விருது 'கோடா' படத்துக்காகக் காது கேளாத நடிகர் ட்ராய் காட்சருக்கு. அரங்கத்தில் இருந்தவர்கள் சைகை மொழியில் கைதட்டுகிற மாதிரி இரண்டு கைகளையும் தூக்கி விரல்களை அசைத்தார்கள். சிலையைக் கையில் வைத்துக்கொண்டு அவர் எப்படிப் பேசுவார்? விருது கொடுக்க வந்த கொரிய நடிகை யூன் யோ-ஜோங் அதைத் திரும்ப வாங்கித் தானே பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். காட்சர் தன் அப்பாவைப் பற்றிப் பேசினார். வீட்டிலேயே நன்றாகச் சைகை பேசியவர் அப்பாதானாம். கார் விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்தபின் அவரால் சைகை பேச முடியாமல் போய்விட்டது. தம்பி எழுந்து டிவிக்கு அருகில் போய்விட்டான். அமெரிக்கச் சைகை மொழி வேறு, எங்கள் ஊர்ச் சைகை மொழி வேறு, பாதிகூடப் புரிந்திருக்காது. ஆனாலும் கீழே ஓடிய எழுத்தை அவன் பார்க்கவே இல்லை. அந்தக் கைகளையே பார்த்தான்.

அந்த மேடைக்கு நீங்கள்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். காது கேளாத பாத்திரங்களுக்குக் காது கேளாதவர்களையே போடாவிட்டால் விலகிவிடுவேன் என்று பிடிவாதமாக நின்றவர், அதே படத்தில் நடித்த காது கேளாத நடிகை மார்லி மேட்லின். உங்கள் அப்பா பெயரிலுள்ள விருதை அவருக்கும் கொடுத்திருக்கிறீர்கள். சரியான கையில்தான் போய்ச் சேர்ந்தது.

ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். 2019-இல் சிபிஎஸ், அப்புறம் பாராமவுண்ட், என்பிசி யுனிவர்சல், சோனி என்று பெரிய டிவி, சினிமா நிறுவனங்கள் ஒவ்வொன்றாக உங்களிடம் வாக்குக் கொடுத்தன. எதற்கு? மாற்றுத்திறனாளிகளை ஆடிஷனுக்குக் கூப்பிடுவதற்கு. ஆடிஷனுக்குக் கூப்பிட்டாலே வேலை கிடைத்ததாக ஆகிவிடுமா? வாசல்வரை வரச் சொல்லிவிட்டு உள்ளே விடாதவர்களை நாங்கள் நிறையப் பார்த்துவிட்டோம். அதற்குப் போய் அவ்வளவு பாராட்டு எதற்கு?

பாஸ்டனில் யூதர்களின் ஜெப ஆலயங்களில் நீங்கள் செய்ததை நினைத்தால் இப்படி எழுதவும் கூசுகிறது. பார்வையற்றவர் வழியில் தடுக்கல் வைக்காதே என்கிறது யூதர்களின் புனித நூலான தோரா. 1990-இல் வந்த அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டமோ, பொது இடங்களுக்கான விதிகளிலிருந்து மத அமைப்புகளை விட்டுவிட்டது. கட்டடத்துக்குச் சாய்தளம் இருக்கும். தோரா வாசிக்கிற மேடைக்குப் படிதான் இருக்கும். சக்கர நாற்காலியில் இருப்பவர் உள்ளே வரலாம், வாசிக்க மேலே போக முடியாது. சட்டம் கேட்காததை யாராவது கேட்டுத்தானே ஆகவேண்டும்? இதை மாற்ற நீங்கள் பணமும் கொடுத்தீர்கள், கேள்வியும் கேட்டீர்கள். அதை நான் மறக்கவில்லை.

அதனால்தான் இவ்வளவு வலிக்கிறது. இன்று உங்கள் அறக்கட்டளையின் பக்கத்தைத் திறந்தால் முதலில் தெரிவது மனநலம். அதுவும் பெரிய வேலைதான். அதைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை, அந்தத் துறையில் உழைப்பவர்களும் இதைப் படிக்கக்கூடும். கொடுப்பவர் எதற்குக் கொடுக்க வேண்டும் என்று நான் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம் என்றும் தெரிகிறது. மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனால் நீங்கள் ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குப் போகலாம், என் தம்பி எங்கே போவான்?

திரும்பி வாருங்கள் என்று கேட்கவில்லை. உங்களிடம் வாக்குக் கொடுத்த ஸ்டூடியோக்களுக்கு ஒரு கடிதம் போடுங்கள். இதுவரை எத்தனை மாற்றுத்திறனாளிகளைக் கூப்பிட்டீர்கள், அதில் எத்தனை பேரை எடுத்தீர்கள் என்று வருடவாரியாகக் கேளுங்கள். வந்த பதிலை அப்படியே வெளியிடுங்கள். நீங்கள் கேட்டால் சொல்வார்கள். நாங்கள் கேட்டால் சொல்ல மாட்டார்கள்.

அன்புடன்,
ஒரு அக்கா