கதவைத் திறந்தவரை மறக்கலாமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பெர்லின் சுவர் பற்றிய உங்கள் கட்டுரை முழுக்க சோவியத் தலைவர் கோர்பச்சேவும் அமெரிக்க அதிபராக இருந்த ரீகனும்தான். 1989 நவம்பர் 9 இரவு, கிழக்கு பெர்லினுக்கும் மேற்கு பெர்லினுக்கும் நடுவே இருந்த போர்ன்ஹோல்மர் தெரு எல்லை வாசலைத் திறந்துவிட்ட கிழக்கு ஜெர்மனி அதிகாரி ஹரால்ட் யேகர் பெயர் ஒரு வரியில்கூட இல்லாதது வருத்தமாக இருக்கிறது.

அன்று மாலை செய்தியாளர் சந்திப்பில் கிழக்கு ஜெர்மனியின் ஆளும் கட்சித் தலைவர்களில் ஒருவரான ஷபோவ்ஸ்கி, கையிலிருந்த தாளைப் பார்த்துவிட்டு, மக்கள் மேற்கே போக அனுமதிக்கும் புதிய பயண விதி உடனடியாக அமலுக்கு வருவதாகச் சொல்லிவிட்டார். உண்மையில் மறுநாள்தான் வர வேண்டியது; விசாவுக்கும் விண்ணப்பிக்க வேண்டும். டிவியில் செய்தி பரவியதும் கூட்டம் வாசலில் குவிந்தது. யேகர் மேலிடத்துக்குத் திரும்பத் திரும்ப போன் செய்தார். அதிகம் சத்தம் போடுகிறவர்களை மட்டும் வெளியே விடுங்கள், அவர்களது ஆவணத்தில் புகைப்படத்தின் மேலேயே முத்திரை குத்துங்கள் என்றார்கள். அந்த முத்திரை விழுந்தால் நாடு திரும்ப முடியாது! இரவு 11.30 மணி வாக்கில் யேகர் தானே முடிவெடுத்துத் தடுப்பை முழுசாகத் திறந்தார்.

அவர் சுடச் சொல்லியிருந்தால்? அதே ஆண்டு ஜூனில் பெய்ஜிங்கில் போராடியவர்களை ராணுவம் சுட்டுக் கொன்றதே, அது அங்கேயும் நடந்திருக்காதா? சுவர் எப்படியும் விழுந்திருக்கும் என்பார்கள். சரி, கிழக்கு ஜெர்மனியின் லைப்ஸிக் நகரத் தெருக்களில் அக்டோபரிலேயே அரசை எதிர்த்துப் பல்லாயிரம் பேர் திரண்டார்கள்தான். ஆனால் அந்த இரவு ரத்தம் சிந்தாமல் கழிந்ததில் யேகருக்குப் பெரும் பங்கு உண்டு. அடுத்த முறை அவரைப் பற்றியும் எழுதுங்கள்.

- வாசகர், தஞ்சாவூர்