அம்மாவின் தாலாட்டுப் புத்தகம்: மாப்ளைக்கு ஒரு கடிதம்

அன்பு மாப்ளே,

நீ அனுப்பிய கூரியர் வியாழக்கிழமை சாயங்காலம் வந்து சேர்ந்தது. அம்மா பாடிய தாலாட்டையெல்லாம் சேர்த்துத் தலைத்திவசத்துக்குப் புத்தகமாகப் போடுகிறேன் என்று போன மாதம் நீ சொன்னபோதே எனக்குத் தொண்டை அடைத்தது. பிரித்ததும் முதல் பக்கத்தில் அவர்கள் படம், அதே மூக்குத்தி, அதே சிரிப்பு. எத்தனை நாள் அந்த அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டிருப்பேன்!

ஆனால் இரண்டாம் பக்கம் போனதும், எழுத்து இவ்வளவு பொடியாக விழுந்திருக்கிறதே என்று நீ பட்ட கவலை எனக்கும் வந்துவிட்டது. ஐப்பசியில் இடது கண்ணில் புரை எடுத்த பிறகு எனக்குப் பார்வை நன்றாகவே தெளிந்திருக்கிறது. அப்படியும் டியூப் லைட்டுக்கு அடியில் கொண்டுபோய்ப் பிடித்தால்தான் படிக்க முடிந்தது. "கண்ணுறங்கு" என்ற சொல்லில் ண் மேலே இருக்கிற புள்ளி அடைத்துக்கொண்டு மைத்துளியாகக் கிடக்கிறது. ணை, னை எது எது என்று உற்றுப் பார்க்க வேண்டியிருக்கிறது. தமிழ் எழுத்தில் சுழியும் புள்ளியும்தானே உயிர்? இங்கிலீஷ் எழுத்து தாங்குகிற பொடி அளவை நம் எழுத்து தாங்காது.

பிரிண்ட் எடுத்துக் கொடுத்த கடைத் தம்பி மெஷின் கோளாறு என்று சொன்னதாக எழுதியிருந்தாய். மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது. நான் ஸ்கேலை வைத்து அளந்து பார்த்தேன். பக்கவாட்டில் 17 மில்லிமீட்டர் மார்ஜின், மேலேயும் கீழேயும் 26. இந்தக் கணக்கு உதைக்கிறதே என்று, நீ மெயிலில் அனுப்பிய வேர்ட் ஃபைலைத் திறந்தேன். சுற்றி ஓர் அங்குல மார்ஜின், எழுத்து 12 பாயிண்ட், எல்லாம் சரி. பக்க அளவு மட்டும் 'லெட்டர்' என்று இருந்தது. அது அமெரிக்காவில் புழங்குகிற தாள், 216க்கு 279 மில்லிமீட்டர். நம் ஊரில் விற்கிற ஏ4 தாளோ 210க்கு 297.

புக்லெட், அதாவது நடுவில் மடித்துப் புத்தகமாக்குகிற முறை, என்று பிரிண்ட் கொடுத்தால் நடப்பது இதுதான். ஏ4 தாளைப் படுக்கவைத்து, இரண்டு பக்கத்தை அருகருகே வைக்கிறது. ஒரு பக்கத்துக்குக் கிடைப்பது பாதித் தாள், 148க்கு 210. அதற்குள் முழுப் பக்கத்தைத் திணிக்க வேண்டுமென்றால் சுருக்கித்தான் ஆக வேண்டும். ஏ4 பக்கமாக இருந்திருந்தால் 71 சதவீதத்தோடு நிற்கும், 12 பாயிண்ட் எட்டரை ஆகும். லெட்டர் பக்கம் அகலம் கூடுதல், அதனால் 69 சதவீதம். உயரம் குறைவு, அதனால் மேலும் கீழும் சும்மா வெற்றிடம். அந்தக் கணக்கில் அம்மாவின் பாட்டு எட்டேகால் பாயிண்டில் வந்து நிற்கிறது. நீ பி.டி.எஃப். ரீடரில் சதவீதம் மாற்றுகிற பெட்டியைத் தேடித் தேடிக் காணவில்லை என்று எழுதியிருந்தாயே, புக்லெட்டைத் தேர்ந்தெடுத்தால் அந்தப் பெட்டி இருக்காது. அதுவாகவே கணக்குப் போட்டுக்கொள்ளும்.

ஈய எழுத்துக் கோத்த காலத்தில் இந்தத் தொல்லை கிடையாது. 12 பாயிண்ட் எழுத்தை ஸ்டிக்கில், அதாவது கையில் பிடித்து எழுத்துக் கோக்கிற சட்டத்தில், அடுக்கினால் தாளிலும் 12 பாயிண்டாகத்தான் விழும். சின்னதாக வேண்டுமென்றால் வேறு எழுத்துப் பெட்டியிலிருந்து வேறு எழுத்தை எடுத்துக் கோக்க வேண்டும். அந்த நிச்சயம் எனக்கு இன்றும் பிடிக்கும். அதனால்தான் யார் கேட்டாலும் பக்கத்தைப் புத்தக அளவுக்கே அமைத்துக்கொள் என்கிறேன். சிலர் எழுத்தை 17 பாயிண்டுக்கு ஏற்றி, சுருங்கி 12 ஆகட்டும் என்று விடுவார்கள். அவசரத்துக்கு அது ஆகும். ஆனால் மார்ஜினும் வரி இடைவெளியும் கூடவே சுருங்கி, திரையில் ஒன்று தாளில் ஒன்று என்று கண் ஏமாறும்.

ஆகவே உன் ஃபைலில் பக்க அளவை ஏ5 ஆக்கிவிட்டேன், 148க்கு 210. எழுத்து 13 பாயிண்ட். மடிப்புப் பக்கம் 18 மில்லிமீட்டர், வெளிப்பக்கம் 13, மேலே கீழே 15. அகலம் குறைந்ததால் சில நீளமான அடிகள் உடைந்து, ஒற்றைச் சொல் அடுத்த வரியில் தொங்கியது. அவற்றை அம்மா மூச்சு விடுகிற இடமாகப் பார்த்து மடக்கியிருக்கிறேன். "மாமன் அடிச்சானோ" என்று கேட்டுவிட்டு ஒரு நிமிஷம் நிறுத்துவார்களே, அந்த இடத்தில். தப்பாகப் பட்டால் மாற்றிக்கொள். அவர்கள் குரல் உன் காதில்தான் இன்னும் சரியாக இருக்கும்.

28 பக்கம் இப்போது 40 ஆகியிருக்கிறது. நாலால் வகுபடுகிற கணக்கு, வெற்றுப் பக்கம் விழாது. ஒரு பிரதிக்கு ஏழு தாள் போய்ப் பத்துத் தாள். நீ சொன்ன 150 பிரதிக்குக் கூடுதலாக 450 தாள், 500 தாள் கொண்ட ஒரு ரீமுக்குள் அடங்கிவிடும். அந்தச் செலவைப் பார்க்காதே. கரூர்ப் பக்கம் புகழூரில் கரும்புச் சக்கையிலிருந்து செய்கிற தாள் இங்கே கிடைக்கிறது, அதில் ஒரு ரீம் நான் வாங்கித் தருகிறேன்.

தம்பியிடம் பி.டி.எஃப். கொடுக்கும்போது பக்கத்தில் நின்று மூன்று விஷயம் பார். பிரிண்டர் பிராப்பர்ட்டீஸில் தாள் ஏ4 என்று இருக்க வேண்டும். ரீடரில் புக்லெட் போட்டுவிட்டு, பிரிண்டரிலும் ஒரு தாளுக்கு இரண்டு பக்கம் என்று வைத்திருந்தால் இன்னொரு தடவை சுருங்கும். அதை எடுத்துவிடச் சொல். இரண்டு பக்கமும் அடிக்கும்போது குறுகிய ஓரத்தில் திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் பின்பக்கம் தலைகீழாக வரும். ஒரே ஒரு பிரதி எடுத்துப் பார்த்துவிட்டு மீதியை ஓட்டு. மடிக்கும் முன் தாளில் அருகருகே இருக்கிற இரண்டு பக்க எண்ணைக் கூட்டினால் எப்போதும் 41 வர வேண்டும். 40ம் 1ம், 2ம் 39ம், நடுத்தாளில் 20ம் 21ம். பத்துத் தாளை மடித்தால் உள்தாள் ஒரு மில்லிமீட்டர் வெளியே பிதுங்கும், சென்டர் பின் அடித்த பிறகு ஓரம் கட்டிங் போட்டுவிடச் சொல்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். பேத்தி இரண்டாம் வகுப்பு போகிறாள். நேற்று உன் புத்தகத்தின் முதல் பாட்டை எழுத்துக் கூட்டி வாசித்தாள். நான் 13 பாயிண்டில் எடுத்த மாதிரித் தாளில்தான்.

அந்த மாதிரித் தாளை இதோடு வைத்திருக்கிறேன். அச்சுக்குக் கொடுக்கும் முன் உங்கள் பெரிய அத்தையிடம் கொடு. ராத்திரி விளக்கில் கண்ணாடி போட்டு வாசிக்கச் சொல். அவர்கள் தடுமாறினால் போன் பண்ணு, 14 ஆக்கி அன்றைக்கே அனுப்பிவிடுகிறேன். திவசத்துக்கு முதல்நாளே வந்துவிடுவேன், மடிக்கிற வேலைக்கு ஆள் வேண்டுமே.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்